முத்துநகரா, செந்தூரா? கிறிஸ்துமஸ் டிக்கெட் எடுக்க மூன்று நாள்தான் இருக்கிறது

பனையோலை | 21 அக்டோபர் 2025, இரவு 10.40

நேற்றுத்தான் தீபாவளி போனது, அதற்குள் கிறிஸ்துமஸா என்று யாரும் திட்ட வேண்டாம். ரயில் முன்பதிவு முன்போல 120 நாள் இல்லை, இப்போது 60 நாள்தான். டிசம்பர் 23ஆம் தேதி வண்டிக்கு வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். எட்டே ஐந்துக்குக் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். அதற்குள் எனக்கு ஒரு முடிவு வேண்டும்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். என் ஊர் நாசரேத், நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட். என் வீட்டுக்காரர் தூத்துக்குடி, ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஏரல் வழியாகக் காரில் ஒரு மணி நேரம் போல ஆகும். தூத்துக்குடி போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் 24ஆம் தேதி காலை மாமியார் வீட்டில் காபி. நாசரேத் வழியாகப் போகும் செந்தூரில் ஏறினால் அம்மா வீட்டில் காபி. எங்கள் வீட்டில் "எந்த வண்டி" என்று கேட்டால், எந்தக் குடும்பம் என்பதை மரியாதையாகக் கேட்பதாக அர்த்தம்.

2023இல் தலை கிறிஸ்துமஸ். வழக்கப்படி பெண் வீட்டில். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. நாங்கள் ஒரு வாரம் கழித்துத் திருநெல்வேலிக்கு வந்து, அங்கிருந்து சுற்றி வளைத்து நாசரேத் போய்ச் சேர்ந்தோம். 26ஆம் தேதி தூத்துக்குடிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம். ஏரல் பாதை அறுந்து கிடந்தது. அவர்கள் வீட்டிலோ முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. குடில் பெட்டி முழுவதும் நனைந்துபோயிற்று என்று அத்தை தொலைபேசியில் சொன்னார். நாங்கள் போகவே இல்லை. பாதை இல்லை என்பது உண்மைதான். ஆனால் போகவில்லை என்பதும் உண்மைதானே.

2024 அக்டோபரில் மகன் பிறந்தான். இரண்டு மாதக் குழந்தையோடு அந்தக் கிறிஸ்துமஸும் அம்மா வீட்டில்.

இப்போது அத்தை சொல்கிறார்: "மூன்றாவது ஆண்டாவது என் பேரன் இந்த வீட்டுக் குடிலைப் பார்க்கட்டும்." மறுப்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அம்மாவோ ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். "முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு எவ்வளவு வறுக்கட்டும்?" என்று மட்டும் கேட்டாள். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், இந்த ஆண்டும் விடுப்பு கிடையாது. நாங்களும் போகாவிட்டால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கால் கிலோ பயறு போதும்.

என் வீட்டுக்காரர் ஒரு வழி சொல்கிறார். தூத்துக்குடியில் நள்ளிரவுப் பூசை பதினொன்றரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். நாசரேத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலை ஐந்து மணிக்கு. நடுவில் மூன்றரை மணி நேரம் சும்மாதானே கிடக்கிறது, கார் வைத்துப் போய்விடலாம் என்கிறார். பதினான்கு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவு இரண்டு மணிக்கு.

சொல்லுங்கள்.

---

முத்துக்குளித்துறை | 21 அக்டோபர், இரவு 10.58

இதில் என்ன யோசனை? அங்கே இரண்டு, இங்கே பூஜ்யம். முத்துநகர்.

வெள்ளம் வந்த ஆண்டு நானும் தூத்துக்குடியில்தான் இருந்தேன். குடில் பெட்டி நனைந்தது என்று உங்கள் மாமியார் சொன்னபோது அவர் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை, தங்கச்சி.

---

கருப்பட்டிக்காபி | 22 அக்டோபர், காலை 6.15

எனக்குக் கல்யாணமாகி 34 ஆண்டு. நான் கோட்டாறு, சவேரியார் பேராலயத்துக்குப் பின்தெரு. அவர் நாகர்கோவிலிலேயே சி.எஸ்.ஐ. இரண்டு வீட்டுக்கும் நடந்தே போகலாம். "உனக்கென்ன, இரண்டும் பக்கத்தில்" என்று எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். பக்கத்தில் இருப்பதைப் போல ஒரு தொல்லை கிடையாது. தூரமாக இருந்தால் டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஒரு பொய்யாவது சொல்லலாம்.

பதினோரு ஆண்டு இரண்டு வீட்டுக்கும் ஓடினேன். காலை ஏழு மணிக்கு மாமியார் வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கறியும். பத்து மணிக்கு அம்மா வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கறியும். இங்கே அரை வயிறு, அங்கே அரை வயிறு. "என்ன, அங்கேயே சாப்பிட்டுவிட்டாயா?" என்ற கேள்வி மட்டும் இரண்டு வீட்டிலும் முழுசாகக் கிடைக்கும். ஒரு முறை அம்மா வீட்டில் பாத்திரம் கழுவப் போனேன். "விடு, நீ போகவேண்டியவள்" என்று அம்மா கையிலிருந்து வாங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நான் பிறந்த வீட்டிலும் விருந்தாளி ஆகிவிட்டேன் என்று.

அதற்குப் பிறகு முறை வைத்தோம். ஒரு ஆண்டு அங்கே, ஒரு ஆண்டு இங்கே, 24 மாலை முதல் 26 காலை வரை முழுசாக. நல்ல ஏற்பாடுதான். அடுப்படியில் உட்கார்ந்து அச்சப்பம் சுட்டு, எண்ணெய் வாசனை தலைமுடியில் ஏறி, சண்டை போட்டு, சமாதானமாகி, இதற்கெல்லாம் நேரம் இருந்தது.

ஆனால் முறைக்கும் ஒரு குணம் உண்டு. 2008 மாமியார் வீட்டு முறை. அம்மா இருமிக்கொண்டிருந்தாள். "முறை முறைதான், போ, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று அவளே அனுப்பினாள். பிப்ரவரியில் போய்விட்டாள்.

அதனால் தங்கச்சி, இந்த ஆண்டு முத்துநகர்தான் நியாயம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அட்டவணையைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடாதே. பென்சிலால் எழுதிக்கொள். அந்த இரவு இரண்டு மணி யோசனையைச் சொன்ன மனிதரை அன்று இரவு குழந்தையைத் தூங்கவைக்கச் சொல், தானாகத் தெளிந்துவிடும்.

---

வைகைக்கரை | 22 அக்டோபர், காலை 9.30

நான் மதுரை, இந்துக் குடும்பம். மனைவி பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. எங்களுக்கு எந்த வீடு என்ற பிரச்சினை வராது. என் வீட்டில் கிறிஸ்துமஸே கிடையாது, ஆகவே அவள் வீடுதான். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான்காம் ஆண்டு என் அம்மா கேட்டாள்: "பொங்கலுக்கு அவள் இங்கே வருகிறாள். கிறிஸ்துமஸுக்கு என்னை ஏன் யாரும் கூப்பிடுவதில்லை?" அவளுக்கு வர விருப்பம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அம்மா மார்கழி மாதம் அசைவ வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். மாமியார் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், வெண்பொங்கல் என்று ஏற்பாடு செய்தார். அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து சம்பந்தி வீட்டு வாசலில் மாக்கோலம் போட்டு, நடுவில் சாணி வைத்துப் பூசணிப்பூவும் செருகிவிட்டாள். ஆராதனைக்குப் புறப்பட்டவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். என் மாமனார் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனார்.

உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை. யாராவது யாரையாவது கூப்பிட மறந்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

---

வண்டிக்காரன் | 22 அக்டோபர், பிற்பகல் 1.05

உணர்ச்சி போதும், வேலையைப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை, 24ஆம் தேதி காலை 7.50க்கே முன்பதிவுத் தளத்தின் உள்ளே நுழைந்து உட்காருங்கள். பயணிகள் பெயர்ப் பட்டியலை இன்றைக்கே சேமித்து வையுங்கள். குழந்தைக்கு ஐந்து வயது ஆகவில்லை, தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி எடுத்தால் இரண்டு ஊரும் வழியிலேயே வந்துவிடும்: போக முத்துநகர், திரும்ப நாசரேத்தில் செந்தூர் ஏறுங்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் சேர்வதால் திரும்புகிற டிக்கெட்டுக்குத்தான் அடிதடி அதிகம்.

---

நேர்பேச்சு | 22 அக்டோபர், இரவு 8.20

மன்னிக்கவும், யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். ஆர்.சி. கோயிலில் கலப்புத் திருமணத்துக்கு அனுமதி வாங்கும்போது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று உங்கள் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருப்பார். அது உங்களுக்கும் தெரிவிக்கப்பட்டிருக்கும். அதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு, எந்த ரயில் என்று பொதுவெளியில் ஓட்டெடுப்பு எதற்கு?

---

கருப்பட்டிக்காபி | 22 அக்டோபர், இரவு 8.47

தம்பி, வாக்கு என்பது "என்னால் இயன்றதைச் செய்வேன்" என்பது. அதைக் கொடுப்பவர் கத்தோலிக்கத் தரப்பு. மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தோலிக்கர் "திருமுழுக்கு" என்கிறார்கள், நான் வாக்கப்பட்ட வீட்டில் "ஞானஸ்நானம்" என்கிறார்கள், இவர் கொடுத்ததை அவர் ஏற்கிறார், மறுபடி யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு யார் வீட்டில் என்று எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. இருந்திருந்தால் என் 34 ஆண்டு எவ்வளவோ நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

---

பனையோலை | 22 அக்டோபர், இரவு 11.30

நேர்பேச்சுக்கு: மகனுக்குத் திருமுழுக்கு தூத்துக்குடியில்தான் நடந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சண்டை அதில் இல்லை.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். இந்த ஆண்டு ஈஸ்டருக்குத் தூத்துக்குடியில் இருந்தோம். நற்கருணை வாங்கும் நேரம். எங்கள் பெஞ்சில் ஒன்பது பேர். எட்டுப் பேரும் எழுந்து போனார்கள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பக்கவாட்டில் ஒதுக்கி ஒவ்வொருவருக்கும் வழிவிட்டேன். திரும்பி வரும்போது மறுபடியும் ஒதுக்கினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. கத்தோலிக்கர் அல்லாத நான் அங்கே நற்கருணை வாங்க முடியாது என்ற சட்டம் எனக்குத் தெரியும், அதோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் அந்த நீளமான வெறும் பெஞ்சு இருக்கிறதே. வெளியே வந்து செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

முத்துநகர் என்றால் நள்ளிரவில் அந்தப் பெஞ்சு. இதை அவரிடம் சொல்லவில்லை.

---

மக்ரூன் | 23 அக்டோபர், காலை 5.50

இந்தப் பதிவுக்காகத்தான் கணக்குத் தொடங்கினேன். நான்தான் அந்த இரவு இரண்டு மணி யோசனைக்காரன்.

இந்த இழையை நேற்று இரவு படித்தேன். அவள் தூங்குகிறாள். இரண்டு கிறிஸ்துமஸாக நானும் நாசரேத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஐயர், அதாவது அவர்கள் போதகர், வேறு சபையாரும் திருவிருந்துக்கு (நற்கருணையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வரலாம் என்று சொல்வார், நான் போகமாட்டேன். எனக்கு அது தனியாக இருப்பதாகத் தோன்றியதே இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவளுக்கும் ஒன்றும் இருக்காது என்று நினைத்துவிட்டேன்.

செந்தூரே எடுக்கலாம் என்று சொல்லப் போகிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

---

கருப்பட்டிக்காபி | 23 அக்டோபர், காலை 6.10

தம்பி, அம்மாவிடம் என்ன பேசுவீர்கள்? மருமகள் சொன்னதைச் சொன்னால் மருமகள் மேல் பழி. சொல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டும் உங்கள் அம்மாவுக்கு ஏமாற்றம். முதலில் மனைவியை எழுப்பிக் காபி போட்டுக் கொடுங்கள்.

---

பனையோலை | 24 அக்டோபர், காலை 8.25

போக முத்துநகர். 8.03க்குக் கிடைத்தது, இரண்டு படுக்கையும் உறுதி. நான்தான் பிடிவாதமாக எடுத்தேன். திரும்புவது 28ஆம் தேதி, நாசரேத்தில் செந்தூர். அதற்கு 29ஆம் தேதி மறுபடியும் எட்டு மணிக்கு உட்கார வேண்டும். 25ஆம் தேதி காலை தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு, மதியம் நாசரேத். இரவுப் பயணம் கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "அப்படியானால் ஒரு கிலோ வறுக்கிறேன்" என்றாள்.

---

வண்டிக்காரன் | 24 அக்டோபர், காலை 8.31

8.03 நல்ல நேரம்.

---

பனையோலை | 30 டிசம்பர் 2025, இரவு 9.15

ஊரிலிருந்து வந்துவிட்டோம். கேட்டவர்களுக்கு எல்லாம் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

24ஆம் தேதி மாலை ஆறரை மணி. அத்தை குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். வெள்ளத்தில் போனவற்றுக்குப் பதிலாகப் புதுச் சுரூபங்கள் வாங்கியிருந்தார், ஒரு ஞானி மட்டும் பழையவர், முகத்தில் சாயம் கரைந்து கண் இல்லாமல். வாசலில் யாரோ இருமினார்கள். பார்த்தால் அப்பா. ஒரு கையில் பிஸ்கட் தகரம், இன்னொரு கையில் குடை. முந்திரிக்கொத்தும் முதலூர் மஸ்கோத் அல்வாவும் கொண்டுவந்திருந்தார். "குழந்தையை இருட்டில் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று உன் அம்மா நேரில் சொல்லிவிட்டு வரச் சொன்னாள்" என்றார். நாங்கள் இருட்டில் வரப்போவதில்லை என்று அக்டோபரிலேயே அம்மாவுக்குத் தெரியும். சரி அப்பா, சொல்லிவிட்டீர்கள் என்றேன். "இனிமேல் பஸ் இருக்காது" என்றார். மணி ஏழுகூட ஆகவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சரித்திரம். மாமாவும் சரித்திரப் பைத்தியம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. 1542இல் சவேரியார் கரையிறங்கியபோதே எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள் என்று மாமா தொடங்கினார். அது சரி, 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்தது யார் என்றார் அப்பா. அச்சு என்றால் 1578, தம்பிரான் வணக்கம், அதைச் செய்த அண்டிரிக் அடிகளார் அடங்கியிருப்பது இந்தத் தூத்துக்குடி மண்ணில் என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார். "அச்சடித்தது கொல்லத்தில்" என்றார் அப்பா, உட்கார்ந்தபடியே. அதற்குள் என் மகன் குடிலில் இருந்த ஆட்டுக்குட்டியை வாயில் போட்டுக்கொண்டான். இரண்டு தாத்தாக்களும் சேர்ந்து வாயைத் திறந்து எடுத்தார்கள். ஒரு காது மட்டும் கிடைக்கவில்லை.

நள்ளிரவுப் பூசைக்கு அப்பாவும் வந்தார். விளக்குகளை அணைத்து, வானவர் கீதம் தொடங்கியதும் மணி அடித்து எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தபோது மகன் விழித்துக்கொண்டு கை தட்டினான். பிறகு நற்கருணை. பெஞ்சு எழுந்தது. அப்பா ஓரத்தில் இருந்தார். அவரும் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வரிசை அனுப்புவது போல ஒவ்வொருவராகப் போகவிட்டார். அப்புறம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் அவரிடம் எதுவும் சொல்லியிருந்தாரா என்று இதுவரை கேட்கவில்லை. அத்தை திரும்பி வந்ததும் குழந்தையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டார். எனக்குக் கை மரத்துப்போயிருந்தது.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று எழுத முடியவில்லை. 25ஆம் தேதி காலை பத்தரைக்குப் புறப்பட்டோம். அத்தை பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார். "சாப்பாட்டு வேளையில் யாராவது வீட்டைவிட்டுப் போவார்களா?" என்று மாமாவிடம் கேட்டார், எங்கள் காதில் விழும்படி. நியாயமான கேள்வி. அவரே எவர்சில்வர் தூக்குச்சட்டியில் பிரியாணியை அழுத்தி அழுத்தி வைத்து, மேலே மக்ரூன் பொட்டலத்தையும் கட்டிக் காரில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

நாசரேத்தில் அம்மா ஐந்து மணி ஆராதனைக்குத் தனியாகப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு வைத்துக் காத்திருந்தாள். தூக்குச்சட்டியைப் பார்த்தாள். "அங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டார்களா? இங்கே சோறு இருக்காது என்று நினைத்தார்களோ" என்றாள். அதை அடுப்பு மேடையின் கோடியில் வைத்தாள். மதியம் யாரும் அதைத் தொடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு நான் தண்ணீர் குடிக்கப் போனபோது அம்மா தனியாகத் தரையில் உட்கார்ந்து அதைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "கிராம்பு தூக்கலாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

---

கருப்பட்டிக்காபி | 30 டிசம்பர், இரவு 9.40

தூக்குச்சட்டி இப்போது எங்கே?

---

பனையோலை | 30 டிசம்பர், இரவு 9.52

நாசரேத்தில். அத்தை இரண்டு முறை கேட்டுவிட்டார். அம்மா வெறும் சட்டியாகத் திருப்பிக் கொடுக்கமாட்டாள். முந்திரிக்கொத்து ஏற்கெனவே போய்விட்டது, அல்வாவும் போய்விட்டது. என்ன வைத்து அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். தானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்றும் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

---

முத்துக்குளித்துறை | 30 டிசம்பர், இரவு 10.01

வரச் சொல்லுங்கள். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் புறப்பட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

---

வண்டிக்காரன் | 31 டிசம்பர், காலை 7.20

பொங்கலுக்கு எந்த வண்டி? டிக்கெட் நவம்பரிலேயே முடிந்துவிட்டது.